அவன் கிடந்தபோது நீ என்ன செய்தாய்?

கோவையில் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில், 2001ஆம் ஆண்டின் மழைக்கால இரவு ஒன்றில், என் அறைத்தோழனின் கழுத்தை நான் இறுக்கினேன். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. ஜூடோ வகுப்பில் சேர்ந்து நான்கு மாதமே ஆகியிருந்த எனக்கு, அன்று மாலை கற்ற கழுத்துப்பிடியை யாரிடமாவது காட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று கை அரித்தது. அவன் கட்டிலில் அமர்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான். "நெசமாவே மயக்கம் வருமாடா?" என்று கேட்டான். வரும் என்று சொல்லிவிட்டுப் பின்னாலிருந்து பிடித்தேன். வலித்தால் தட்டு, விட்டுவிடுகிறேன் என்று நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. தட்ட வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியாது. ஆறேழு நொடிகளில் அவன் உடல் ஈரத்துணி போலத் துவண்டது. பயந்து கையை விட்டேன். அவன் கட்டிலிலிருந்து சிமெண்டுத் தரையில் சரிந்தான், கை கால்கள் இரண்டு மூன்று முறை வெட்டியிழுத்தன, கண்கள் பாதி திறந்தபடி நின்றன. பொரி தரையெங்கும் சிதறிக் கிடந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். பத்துப் பதினைந்து நொடிகள் கழித்து அவன் எழுந்து உட்கார்ந்து, "என்னடா ஆச்சு, கனவு மாதிரி இருந்துச்சு" என்று சிரித்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் மூன்று நாள் கை நடுக்கம் நிற்கவில்லை.

தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது இதை ஆசானிடம் சொன்னேன். தக்கலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், தம் வீட்டுப் புறக்கடையில் களரி என்னும் பயிற்சிக்களம் வைத்து, அடிமுறை என்னும் வெறுங்கைச் சண்டையும் கம்பும் சொல்லித்தந்தவர் அவர். பதின்மூன்று வயதிலிருந்து அவரிடம் சுவடு, அதாவது காலடி வைப்பு, படித்தவன் நான். அடிமுறையை விட்டுவிட்டு ஜப்பான்காரன் வித்தைக்குப் போனதற்காகத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவன் கிடந்தப்பம் நீ என்ன செய்தே மக்கா?" என்னிடம் பதில் இல்லை. சுவரோடு நின்றேன் என்று சொல்லவும் நா எழவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே, இனி ஓராண்டுக்கு நீ களரியில் இறங்க வேண்டாம், ஊருக்கு வரும்போதெல்லாம் வைத்தியசாலையில் வந்து நில் என்றார். வைத்தியசாலை என்பது வீட்டின் முன்திண்ணைதான். அதில் ஒரு மரப்பலகை, எண்ணெய்க் குப்பிகள், மூங்கில் பத்தைகள், கிழித்து வைத்த பழைய வேட்டிகள்.

அந்த ஓராண்டு விடுமுறைகளில் நான் யாரையும் அடிக்கக் கற்கவில்லை. தென்னையிலிருந்து விழுந்தவர், பைக்கில் சறுக்கியவர், சுமை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டவர் என்று வருவோரின் உடலில் எண்ணெய் இட்டுத் தடவினேன். காயத்திருமேனித் தைலத்தின் வாசனை சட்டையில் ஏறிப்போய், விடுதிக்குத் திரும்பிய பிறகும் பெட்டிக்குள்ளிருந்து வீசும். ஒரு நாள், தோள் இறங்கிப்போன கொத்தனார் ஒருவரின் கையைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்குத் தரப்பட்டது. ஆசான் மெல்லப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோளைப் பொருத்த முயன்றபோது, அந்த மனிதரின் விரல்கள் என் மணிக்கட்டைப் பற்றியிருந்த பிடி எனக்கு இன்றும் மறக்கவில்லை. களரியில் பூட்டுப் போட்டுப் பழகும்போது நாங்கள் சிரித்துக்கொண்டே முறுக்குவது இதே தோளைத்தான். அந்தப் பூட்டு கொஞ்சம் மிஞ்சினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது களரியில் இல்லை, அந்தத் திண்ணையில்.

வர்மம் என்ற சொல்லைக் கேட்டாலே திரைப்படங்களில் ஒற்றை விரலால் ஆளைச் சாய்க்கும் காட்சி நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். குமரி மாவட்டத்து ஆசான்மாரிடம் அது வேறு விதமாக அடுக்கப்பட்ட அறிவு. வர்மம் என்பது உடலில் அடிபடக் கூடாத உயிர்நிலை. உடலில் 108 வர்மங்கள், அவற்றில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அவ்வளவு கொடியதல்லாத தொடுவர்மம் 96 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் இடம் எது, அங்கே அடிபட்டால் தெரியும் குறிகுணம் எது, எத்தனை நாழிகைக்குள் இளக்கி மீட்க வேண்டும், அதற்கு அடங்கல் என்னும் எந்த மீட்புப் புள்ளியில் தட்ட வேண்டும், பிறகு என்ன மருந்து, என்ன கஞ்சி என்று வரிசையாக ஏட்டில் வரும். அடி என்பது அந்த வரிசையில் ஒரு சொல். மிச்சமெல்லாம் அடிபட்டவனை எழுப்புவது பற்றியது. கையின் விசையையும் மாத்திரை என்ற அளவால் சொல்வார்கள்: கால், அரை, முக்கால், முழு மாத்திரை. ஒரே இடம், ஒரே விரல். கால் மாத்திரையில் வைத்தியம், முழு மாத்திரையில் ஆபத்து. இந்தப் பாடத்தில் சொல்லப்படும் எல்லாவற்றையும் நான் நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். இன்று தொட்டால் இத்தனையாம் நாளில் சாவான் என்ற வகைக் கூற்றுகளை நான் ஏற்பதில்லை. ஆசானிடமே அதைச் சொல்லியிருக்கிறேன், அவர் சிரித்துவிட்டு வெற்றிலையை எடுத்தார். ஆனால் அந்த அறிவு அடுக்கப்பட்டிருக்கும் முறையின் மீது எனக்கு மதிப்பு உண்டு. இளக்குமுறை தெரியாத ஒருவனுக்கு வர்ம அடி என்ற தனிப்பாடம் ஒன்று அந்த ஏட்டில் கிடையவே கிடையாது.

பழைய ஆயுர்வேத அறுவை மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதை கூறும் 107 மர்மங்களின், அதாவது உயிர்நிலைகளின், கதையும் ஏறக்குறைய இதுவே. அது சண்டைக்காரனுக்கு எழுதப்பட்டதன்று. கத்தி வைக்கும் மருத்துவன் எந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவதற்காக எழுதப்பட்டது. உடனே உயிரைப் பறிப்பவை 19 என்று தொடங்கி, ஊனம் தருபவை, வலி தருபவை என வகை பிரிக்கும் அந்தப் பட்டியலில் என்னை நிற்க வைத்த வகை மிகச் சிறியது, அதில் மூன்றே மர்மங்கள். அங்கே அம்பு தைத்தால் அம்பு உள்ளே இருக்கும் வரை மனிதன் பிழைத்திருப்பான், பிடுங்கினால் இறப்பான் என்கிறது நூல். அந்த மூன்றில் ஒன்று இரு புருவங்களுக்கு நடுவே, நம் வர்ம ஏடுகள் திலர்தம் என்று குறிக்கும் அதே இடத்தில் இருக்கிறது. குத்திய கத்தியை நீங்களாகப் பிடுங்காதீர்கள், அப்படியே அசையாமல் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள் என்று இன்றைய முதலுதவி வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று மர்மங்கள் நினைவுக்கு வரும்.

ஆபத்தான வித்தையை யாருக்குச் சொல்லித்தருவது என்ற கேள்விக்குப் பழைய ஆசான்மார் கண்டிருந்த விடை, காலம். பன்னிரண்டு ஆண்டு கூடவே வைத்திருந்து பார்த்த பிறகே வர்மம் சொல்வது என்று பேச்சு. அந்த எண்ணைக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. அத்தனை காலம் கூடவே இருப்பவனைக் குடித்திருக்கும்போதும், தோற்றிருக்கும்போதும், சொத்துத் தகராறில் அண்ணனோடு பேச்சை முறித்துக்கொண்டிருக்கும்போதும் ஆசான் பார்த்துவிடுவார் என்பதுதான் அதன் பயன். என் ஆசான் ஒரு பையனைக் கவனிக்க வேண்டுமென்றால், அவனை விட மூத்தவனோடு கம்பு சுற்ற விட்டு நன்றாக அடி வாங்க வைப்பார். உடனே அவனை விட இளையவனோடு நிறுத்துவார். வாங்கிய அடியை இளையவன் மேல் இறக்குகிறவனுக்கு அடுத்த பாடம் வெகு நாள் வராது. அதே சமயம், இந்த மறைப்பை முழுவதும் அறம் என்று போற்ற எனக்கு மனம் வரவில்லை. மகனுக்கும் மருமகனுக்கும் மட்டும், சொந்தச் சாதிக்காரனுக்கு மட்டும் என்று பூட்டி வைத்த ஏடுகள் செல்லரித்துப் போன வீடுகளை எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிவர். இரகசியம் இருக்கும் இடத்தில் போலிகளுக்கும் வசதி. கேள்வி கேட்டால் "உனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை" என்று சொல்லிவிடலாம் அல்லவா? இன்று வர்மத்தின் மருத்துவப் பகுதி வெளியே வந்துவிட்டது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் வர்ம மருத்துவம் பாடமாகவும் சிகிச்சையாகவும் இருக்கிறது. அதற்கு நேர் எதிராக, அடிப் பகுதி தனியாகக் கழன்று கைப்பேசியின் முப்பது நொடிக் காணொளிகளுக்குள் போய்விட்டது. ஒரே ஏட்டில் இருந்த இரண்டு பாதிகள் இப்படிப் பிரிந்து போனதுதான் எனக்குக் கவலை. காணொளியில் தாக்குகிறவன் இருக்கிறான், விழுகிறவன் இருக்கிறான். விழுந்தவன் எழுந்தானா என்பதற்குள் காணொளி முடிந்துவிடுகிறது.

ஜப்பானியரிடமும் இந்த இரண்டு பாதிகளும் உண்டு என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். ஜுஜுத்ஸு என்னும் பழைய ஜப்பானியச் சண்டைக்கலை மரபுகள் சிலவற்றில் சப்போ என்றால் கொல்லும் முறை, கப்போ என்றால் உயிர்ப்பிக்கும் முறை; இரண்டும் இணைப் பாடங்கள். அத்தகைய மரபுகளில் பயின்ற ஜிகோரோ கானோ, 1882இல் தோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்து, ஜூடோவின் முதல் பள்ளியான கோடோகனைத் தொடங்கியபோது வேறொரு முடிவை எடுத்தார். அடி, உதை போன்ற ஆபத்தானவற்றை முழு வேகத்தில் மோதிப் பழகும் பயிற்சியிலிருந்து விலக்கி, முன்கூட்டியே வகுத்த அசைவுகளாக மட்டும் வைத்துக்கொண்டார். எறிதலும் பிடியும் மோதலுக்கு வந்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொடிய நுட்பம் என்று மூடி வைத்ததை யாரும் முழு வலுவோடு பழக முடியாது; பழகாதது கையில் நிற்காது; ஆகவே நாளடைவில் அது வெறும் நம்பிக்கையாகிவிடும். பாதுகாப்பானது என்று விட்டு வைத்ததையோ நாள்தோறும் ஆயிரம் முறை செய்வதால், உண்மையில் ஆளை வீழ்த்துவது அதுவே ஆகிவிடும். என்னிடம் வரும் இளைஞர்கள் ஏதோ மறைவான ஒன்றைக் கேட்கும்போது இதைத்தான் சொல்கிறேன்: நீங்கள் ஏற்கெனவே பழகியிருக்கும் காலிடறலே போதிய ஆபத்து.

இது பேச்சுக்குச் சொல்வதில்லை. 1980இல் ஜப்பானின் தேசியப் போட்டி ஒன்றில், பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற யசுஹிரோ யமாஷிதாவின் கால், எதிராளி போட்ட கானி பசாமி என்ற நண்டுக்கவ்வல் எறிதலில் முறிந்தது. பின்னர் போட்டிகளில் அந்த எறிதல் தடை செய்யப்பட்டது. ஒரு நுட்பத்தின் பெயரைச் சொல்லித் தடுத்துவிடலாம், சரி. ஆனால் அதே நாட்டில் 1983க்கும் 2011க்கும் இடையே பள்ளி ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வாளர் பதிவுகளைத் தொகுத்துக் காட்டியபோது, அவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது எந்த இரகசிய அடியும் இல்லை, சாதாரண எறிதலில் தலையில் பட்ட காயம் என்று தெரிந்தது. அடிபட்டவர்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மிகுதி. விழக் கற்றுக்கொள்ளும் முன்பே அவர்கள் எறியப்பட்டிருக்கிறார்கள். எங்கள் களரியின் தரை சலித்த மணல். சிறுவயதில் அதில் முதல் மாதம் முழுவதும் நாங்கள் விழுந்து எழுந்ததை அலுப்பாகவே நினைத்தோம். இன்று கல்யாண மண்டபத்தின் கிரானைட் தரையில் மெல்லிய ரப்பர் விரிப்பைப் போட்டுவிட்டுக் கோடை முகாம் நடத்துகிறார்கள். முதல் நாளே உதை, மூன்றாம் நாள் ஓடு உடைத்தல், பத்தாம் நாள் சான்றிதழ்.

தெருவிலும் இதே கணக்குத்தான். ஒரே குத்தில் ஆள் இறந்தான் என்று செய்தி வரும்போது, பல நேரங்களில் குத்து அவனைக் கொல்வதில்லை. நினைவிழந்து கையூன்றாமல் விழும் அவனுடைய தலை நடைபாதையில் மோதுவதே கொல்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இப்படி அடுத்தடுத்து இளைஞர்கள் இறந்த பிறகு 2014இல் தனிச் சட்டமே வந்தது. போதையில் ஒருவரைத் தாக்கி அவர் இறந்தால் குறைந்தது 8 ஆண்டுச் சிறை. மார்பில் படும் அடியும் அப்படி ஒன்று. இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நுண்கணத்தில், ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேற்படாத அந்த இடைவெளியில், மார்பில் ஒரு பந்து பட்டாலும் கூட ஆரோக்கியமான சிறுவனின் இதயம் தாளம் தப்பி நின்றுவிடக்கூடும் என்று இதய மருத்துவம் சொல்கிறது. நெஞ்சில் தட்டியதும் சுருண்டு விழுந்தவனைப் பற்றி ஆசான் சொன்ன கதையை நான் ஒரு காலத்தில் கேலி செய்தவன். அடித்தவனின் திறமைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதை மட்டும் அவரும் சொல்லவில்லை, நானும் அப்போது நினைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று வகுப்பில் கேட்கப்படும் கேள்விக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்புரிமை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை என்பது 37ஆம் பிரிவு. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய தாக்குதல், பாலியல் வன்கொடுமை, கடத்தல், அமில வீச்சு போன்றவற்றை எதிர்க்கும்போது எதிரியின் உயிர் போகும் அளவுக்கும் அந்த உரிமை நீளும் என்பது 38. உடலுக்கு ஆபத்து வருகிறது என்ற நியாயமான அச்சம் தோன்றிய கணத்தில் உரிமை தொடங்கி, அச்சம் நீடிக்கும் வரை நீடிக்கும் என்பது 40. தற்காத்துக்கொண்டவரின் செயலைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று நம் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. இதையெல்லாம் கேட்டதும் பையன்கள் முகத்தில் ஒரு தெம்பு வரும். அப்போது நான் கேட்பது ஒன்று: அவன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினான், நீ துரத்திப்போய் முழங்காலை உதைத்து உடைத்தாய், அந்த நேரம் உனக்கு என்ன அச்சம் மிச்சமிருந்தது? பதில் வராது. நுட்பம் அறிந்தவனுக்கு அச்சம் சீக்கிரம் தீர்ந்துவிடும், கோபம் தீராது. சட்டம் பார்ப்பது முதலாவதை மட்டும்தான்.

இங்கே எனக்கு ஆசானோடு தீராத ஒரு வழக்கு உண்டு. அவர் தம் களரியில் ஒரு பெண்ணைக்கூடச் சேர்த்ததில்லை. "அதுகளுக்கு எதுக்கு?" என்பார். திருப்பி அடிக்காதே, பொறு, முதல் அடி உன்னுடையதாக இருக்கக் கூடாது என்ற அடக்கத்தின் அறம் முழுவதும், அடிக்கும் வலு ஏற்கெனவே உள்ளவனை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கராத்தேயில் முதல் அடி இல்லை என்ற கராத்தே ஆசான் கிச்சின் ஃபுனகோஷியின் வாசகத்தைக் கமகுராவின் எங்காகுஜி கோயிலில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்த வாசகம். ஆனால் பேருந்தில் பின்னால் நெருங்கி நிற்பவனிடம் அதைக் கடைப்பிடிக்கும்படி பதினைந்து வயதுச் சிறுமியிடம் நான் சொல்ல மாட்டேன். அரசுப் பள்ளிகளில் மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள். காலம் மூன்று மாதம். பன்னிரண்டு ஆண்டு பொறுத்திருந்து பார்த்துத் தருவதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை, மிக அவசரமாகத் தேவைப்படுகிறவர்களும் அவர்கள்தாம். ஆகவே சில ஆண்டுகளாக நான் பெண் பிள்ளைகளுக்கு, பையன்களுக்கு இரண்டாம் ஆண்டில்கூடத் தராத சிலவற்றை முதல் மாதத்திலேயே சொல்லித்தருகிறேன். அவை என்னவென்று இங்கே எழுதப் போவதில்லை. இது இரட்டை அளவுகோல் என்று என்னோடு சேர்ந்து வகுப்பு எடுக்கும் நண்பர் வாதிடுகிறார். பையன்களில் மெலிந்தவன், அடி வாங்குகிறவன் இல்லையா என்கிறார். இருக்கிறான், அவனையும் நான் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லித்தந்திருக்கிறேன். யாருக்கு எது என்று முடிவெடுக்கும் வேலையைப் பொது விதி ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு நான் நிம்மதியாக இருக்க முடியாது. ஒரு முறை தவறாகவும் கணித்திருக்கிறேன். மெலிந்தவன் என்று நான் இரங்கிச் சொல்லித்தந்த ஒரு பையன், இரண்டு மாதம் கழித்துத் தன் தம்பியின் விரலை ஒடித்துவிட்டு வந்தான். அவனை வெளியே அனுப்பவில்லை. அந்தத் தம்பியை அழைத்துக்கொண்டு போய்க் கட்டுப் போட்டுவரச் சொன்னேன், கட்டுப் பிரிக்கும் நாள் வரை அவனுக்கு எழுதிக் கொடுப்பது, சோறு பிசைந்து தருவது எல்லாம் அண்ணன் பொறுப்பு என்று அவர்கள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் பார்த்ததில் தவறில்லை. ஒடித்த கைக்கு வித்தை தந்தவன் நான்.

இப்போது நாகர்கோவிலில் நடக்கும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் முதல் நாள் யாரும் யாரையும் தொடுவதில்லை. தட்டுவது எப்படி, தட்டினால் விடுவது எப்படி என்பதுதான் பாடம். வாயால் சொன்னாலும், காலால் தட்டினாலும், ஒரு முனகல் எழுந்தாலும் விட்டுவிட வேண்டும். அவன் பேசுகிறானே, மூச்சு வருகிறது என்றுதானே பொருள் என்று எண்ணுவது எத்தனை பெரிய பிழை என்பதற்கு நியூயார்க்கில் 2014இல் காவலர் ஒருவரின் கழுத்துப் பிடியில் சிக்கி இறந்த எரிக் கார்னர் சாட்சி. தன்னால் மூச்சு விட முடியவில்லை என்று பதினொரு முறை சொன்னார் அவர். அந்நகரக் காவல்துறையில் கழுத்துப் பிடிக்கு 1993இலிருந்தே விதிப்படி தடை இருந்தது. கழுத்துப் பிடியை எங்கள் வகுப்பில் பதினெட்டு வயதுக்கு மேல்தான் கற்றுத்தருகிறோம், அதுவும் மயங்கியவரைப் பக்கவாட்டில் திருப்பிக் கிடத்துவதையும் நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்குவதையும் செய்து காட்டியவர்களுக்கு மட்டும். நெஞ்சழுத்தத்துக்குப் பொம்மை வாங்கப் பணமில்லாததால், உமி நிரப்பிய சாக்கு ஒன்றை வைத்திருக்கிறோம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்தில் பலசாலிப் பையன்களுக்கும் வியர்த்துவிடும். அதற்கு முன் ஒருவர் 108ஐ அழைக்க வேண்டும். வர்மமும் 108, ஆம்புலன்ஸும் 108. தற்செயல்தான், ஆனாலும் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு மறப்பதில்லை.

சென்ற மாதம் ஒருவர் தம் பதின்மூன்று வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். டியூஷன் முடிந்து இருட்டில் சைக்கிளில் வருகிறாள், ஒரே அடியில் ஆளை விழுத்தாட்டுவது போல ஏதாவது சொல்லித்தாருங்கள், நாளும் பொழுதும் போட்டுக் கற்க எங்களுக்கு வசதியில்லை என்றார். நல்ல ஆகிருதி, எப்படியும் தொண்ணூறு கிலோ இருப்பார். சொல்லித்தருகிறேன், முதலில் நீங்கள் கொஞ்சம் படுங்கள் என்றேன். அவர் தயங்கிச் சுற்றிலும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து விரிப்பில் மல்லாந்தார். மூச்சிருக்கிறதா என்று கன்னத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார், தூர இருக்கும் கையை இந்தக் கன்னத்தின் அடியில் கொண்டுவந்து வை, அந்த முழங்காலை மடக்கு, அதைப் பிடித்து உன் பக்கம் இழு என்று அவளுக்குச் சொன்னேன். முதல் முறை அவர் அசையவே இல்லை. இரண்டாம் முறை சிரித்துக்கொண்டே தாமாகவே புரளப் பார்த்தார். உதவி செய்யாதீர்கள், மயங்கிக் கிடக்கிறீர்கள் என்று நினைவூட்டினேன். மூன்றாம் முறை அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முழங்காலைப் பற்றி இழுத்தபோது அந்தப் பெரிய உடல் மெல்லக் கவிழ்ந்து பக்கவாட்டில் நின்றது. அவர் பையிலிருந்து வண்டிச் சாவியும் சில்லறையும் விரிப்பில் கொட்டின. அவள் அவற்றைக் கவனிக்காமல், நான் சொல்லியிருந்தபடியே அவர் முகவாயை நிமிர்த்தி வைத்து, மூக்கருகில் கன்னத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.